நோய்களின் படிநிலை: எண்ணுவதற்கா, முடிவெடுப்பதற்கா?

கேள்வி

மழைக்காலம் முடியும் தறுவாயில் கம்பம் பள்ளத்தாக்கின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் காய்ச்சலோடு வருவோர் பலதரப்பட்டவர்கள். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர், வயலில் நாற்று நடுபவர், குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருபவர் என எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. டெங்குவும் இப்படித்தான் தொடங்கும். ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா ஆகியவையும் இப்படியே தொடங்கலாம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கருப்புப் பொருக்கு ஒன்று தென்பட்டால், அனுபவமுள்ள மருத்துவர் ஸ்க்ரப் டைபஸை நினைத்து டாக்ஸிசைக்ளின் எழுதிவிடுவார்.

இதே முடிவுக்கு ஒரு மென்பொருள் துணைநிற்க வேண்டுமானால், அதற்கு இரண்டு தேவை. ஒன்று, ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்னும் விதிகள். மற்றொன்று, அந்த விதிகள் எந்த நோய்களுக்குப் பொருந்தும் என்று சொல்லும் வகைப்பாடு. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே விதி எழுதினால் ஆயிரக்கணக்கில் பெருகும். யாராலும் பராமரிக்க முடியாது. ஆகவே நோய்களை மேல்வகை, உள்வகை என அடுக்கி, மேல்வகைக்கு எழுதிய விதி உள்வகைகளுக்கும் பொருந்துமாறு செய்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நோய்களை எதை வைத்து அடுக்குவது? ஒரு நோய்க்கு ஒரு மேல்வகை போதுமா? விதியை எந்தப் படியில் எழுதுவது? இக்கேள்விகளுக்குக் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் தரப்பட்ட முக்கிய விடைகளையும், தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரச் சூழலில் அவை எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

எண்ணுவதற்காகப் பிறந்த ஒற்றை மரம்

ஐரோப்பாவில் நோய்களைத் தாவரங்களைப் போல வகுப்பு, இனம் எனப் பிரிக்கும் முயற்சி 18-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரான்ஸின் சோவாஜ் 1763-இல் நோய்களைப் பத்து வகுப்புகளாகப் பிரித்தார். எடின்பரோவின் வில்லியம் கல்லன் 1769-இல் அவற்றை நான்காகச் சுருக்கினார். இருவரும் பெரும்பாலும் அறிகுறிகளையே அடிப்படையாகக் கொண்டனர். இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளைத் தொகுத்த வில்லியம் ஃபார் வேறு வழி பிடித்தார். கொள்ளைநோய்கள், உடல் முழுவதையும் தாக்கும் நோய்கள், உறுப்புவாரியான நோய்கள், வளர்ச்சி சார்ந்தவை, காயங்கள் என்பது அவருடைய பிரிவு. 1893-இல் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலும், 1948-இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாம் திருத்தமும், இன்று ஐசிடி-10 என வழங்கும் பத்தாம் திருத்தமும் அந்த வழியில் வந்தவையே. ஃபாரின் அமைப்பு இன்றுவரை அவற்றின் எலும்புக்கூடாக நிற்கிறது.

இந்த மரத்தின் அடிப்படை விதி, ஒரு நோய்க்கு ஒரே இடம் என்பது. எண்ணிக்கைக்கு அது இன்றியமையாதது. ஓர் இறப்பு இரண்டு இடங்களில் பதிவானால் கூட்டுத்தொகை தவறிவிடும். ஆனால் எண்ணிக்கைக்கு நன்மை செய்யும் அதே விதி, சிகிச்சை முடிவுக்கு இடையூறாகிறது.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். ஐசிடி-10-இல் அது ஈ10 முதல் ஈ14 வரையிலான குறியீடுகளில் உள்ளது. கருவுற்ற பெண்ணின் சர்க்கரை நோயோ, கர்ப்பகால அத்தியாயத்தில் ஓ24 என்னும் குறியீட்டின் கீழ் வருகிறது. கர்ப்பத்தில் புதிதாகத் தோன்றிய சர்க்கரை மட்டுமல்ல, பல ஆண்டுகளாக இருந்துவரும் சர்க்கரையும் கர்ப்பக் காலத்தில் அங்கேதான் போகிறது. ‘ஈ10 முதல் ஈ14 வரை உள்ள அனைவருக்கும் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை’ என்று ஒரு விதி எழுதப்பட்டதாகக் கொள்வோம். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ பத்து ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழும் ஒரு பெண் கருவுற்றதும் அந்த விதியின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். கர்ப்பம் விழித்திரைப் பாதிப்பைத் தீவிரமாக்கக்கூடியது. பரிசோதனை மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் மென்பொருள் அவரைக் கைவிடுகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சிகளைத் தொடர்ந்து 2007-லேயே கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலத்தில் இது ஏட்டளவிலான சிக்கல் அல்ல.

காசநோயிலும் இதைப் பார்க்கலாம். காசநோய் மூளைக்காய்ச்சல் தொற்றுநோயா, நரம்பு மண்டல நோயா? இரண்டும்தான். ஒற்றை மரம் அதைத் தொற்றுநோய் அத்தியாயத்தில் வைத்துவிட்டு, நரம்பு அத்தியாயத்தில் நட்சத்திரக் குறியிட்ட துணைக் குறியீடு ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கிறது. பக்கவாதத்துக்கு நேர்ந்ததோ இடமாற்றம். ஐசிடி-10-இல் இரத்த ஓட்ட மண்டலத்தில் இருந்த அது, அடுத்த திருத்தமான ஐசிடி-11-இல் நரம்பு மண்டலத்துக்கு வந்தது. நோய் மாறவில்லை, பார்வை மாறியது. பழைய இடத்தை நம்பி எழுதிய விதிகள் மட்டும் செல்லாமல் போகும்.

சித்த மருத்துவத்தின் அடுக்கு

நோய்களை அடுக்கும் மரபு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. சித்த மருத்துவ மரபு நோய்கள் 4448 என்கிறது. வாதம், பித்தம், கபம் ஆகிய முக்குற்றங்களின் கீழ் நோய்களை வகுத்து, ஒவ்வொன்றின் உள்வகைகளையும் குறிகுணங்களோடு தரும் நூல்களில் யூகி வைத்திய சிந்தாமணி முதன்மையானது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்னும் எண்வகைத் தேர்வு, நோயாளியை இந்த அடுக்கில் உரிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் வழிமுறை.

மென்பொருள் நோக்கில் இதன் வலிமை, வகைப்பாடும் சிகிச்சையும் ஒரே அடிப்படையில் நிற்பது. எந்தக் குற்றம் மிகுந்ததென்று தெரிந்தால் சிகிச்சையின் திசையும் தெரிகிறது. நூலுக்கு நூல் உள்வகைகளின் எண்ணிக்கையும் பெயர்களும் வேறுபடுவது இதன் பலவீனம். ஆயுஷ் அமைச்சகம் 2017-இல் தொடங்கிய நமஸ்தே தளம் இப்பெயர்களுக்குக் குறியீடு வழங்கியது. 2024 ஜனவரி 10-இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானி நோய்ப்பெயர்கள் ஐசிடி-11-இன் மரபு மருத்துவப் பிரிவில் இடம்பெற்றன. இது பதிவுக்கு உதவும். ஆனால் ஒரே நோயாளிக்குச் சித்தப் பிரிவிலும் அலோபதிப் பிரிவிலும் எழுதப்படும் இரு நோயறிதல்களை ஒரே விதியால் கையாள முடியுமா என்பது இன்னும் தீராத கேள்வி.

விதிகளுக்குள் ஒளிந்திருந்த மரம்

கணினியில் மருத்துவ விதிகளை எழுதும் முயற்சியில் முதலில் பெயர்பெற்றது, 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின். இரத்தத் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமான கிருமியைக் கணித்து மருந்தைப் பரிந்துரைக்கும் அமைப்பு அது. சில நூறு விதிகளில் இயங்கிய அது, நிபுணர்களுக்கு ஈடாகப் பரிந்துரைத்ததாக 1979-இல் வெளியான மதிப்பீடு காட்டியது. ஆனாலும் அன்றாடச் சிகிச்சைக்கு ஒருபோதும் வரவில்லை. அதே விதிகளை மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயன்படுத்த முயன்ற வில்லியம் கிளான்சி ஒரு குறையைக் கண்டார். எந்த நோய் எதன் உள்வகை, எதை முதலில் கேட்க வேண்டும் என்னும் அறிவெல்லாம் விதிகளின் வரிசைக்குள் புதைந்து கிடந்தது. எனவே 1980-களின் தொடக்கத்தில் வந்த நியோமைசினில் நோய்களின் படிநிலையையும் விதிகளையும் தனித்தனியே பிரித்து எழுதினார்கள்.

இதே காலத்தில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி. சந்திரசேகரன் குழுவினர் எம்டிஎக்ஸ் அமைப்பை உருவாக்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் பொறியியல் பட்டம் பெற்றவர் அவர். பித்தம் தேங்குவதால் வரும் கல்லீரல் நோய்களை எடுத்துக்கொண்டு, படிநிலையின் ஒவ்வொரு கணுவையும் ஒரு சிறு நிபுணராக அவர்கள் அமைத்தனர். ஒரு கணு ‘இது என் வகை நோய்தானா’ என்று முதலில் சோதிக்கும். ஆம் என்றால் தன் உள்வகைகளை எழுப்பும். இல்லை என்றால் அந்தக் கிளை முழுவதும் விலகும். நிலைநாட்டு, பின் நுணுக்கு என்னும் இந்த முறையில் விதிகள் தத்தம் கணுவோடு கட்டப்பட்டிருப்பதால், எந்த விதி எங்கே இயங்குகிறது என்பது துலக்கமாகத் தெரியும்.

மேலே நிகழும் ஒரு தவறு கீழே உள்ள அனைத்தையும் மறைத்துவிடுவது இதன் ஆபத்து. கட்டுவிரியன் கடி இதைத் தெளிவாகக் காட்டும். தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழுகிறார். கடித்த தடம் தெரிவதில்லை, வீக்கமும் இல்லை. சில மணி நேரத்தில் இமைகள் தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சு திணறத் தொடங்குகிறது. ‘பாம்புக்கடி’ என்னும் மேல்கணு கடித்தடத்தையோ வீக்கத்தையோ கேட்டால் இந்த நோயாளி வாசலிலேயே திருப்பியனுப்பப்படுவார். வயிற்றுவலி, நரம்புத் தளர்ச்சி, நஞ்சேறல் என மூன்று வாசல்கள் வழியாகவும் சென்றடையக்கூடிய இடத்தில்தான் கட்டுவிரியன் கடி இருக்க வேண்டும். தேனி போன்ற விவசாய மாவட்டத்தில் இது உயிர் சார்ந்த விஷயம்.

பிட்ஸ்பர்க்கில் ஜாக் மையர்ஸ், ஹாரி போப்பிள், ராண்டால்ஃப் மில்லர் உருவாக்கிய இன்டர்னிஸ்ட்-1 உள்மருத்துவம் முழுவதையும் உள்ளடக்க முயன்றது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோய்களை அறிந்திருந்த அதன் குறைகளை 1982-இல் அதன் படைப்பாளிகளே வெளிப்படையாக எழுதினர். உடற்கூறு சார்ந்தும் காலவரிசை சார்ந்தும் அதனால் சிந்திக்க இயலவில்லை. ஒருவருக்கே பல நோய்கள் இருக்கும்போது எந்த அறிகுறி எதனால் வந்தது என்று பிரித்தறிவதிலும் அது தடுமாறியது. சர்க்கரையும் காசநோயும் சேர்ந்தே வரும் நம் நோயாளிகளை நினைத்தால் இக்குறையின் கனம் புரியும்.

ஒரு நோய்க்குப் பல மேல்வகைகள்

ஒற்றை மரத்துக்கு மாற்றாக எழுந்ததே பல மேல்வகைகளை அனுமதிக்கும் வலை. ஜேம்ஸ் சிமினோ 1998-இல் வெளியிட்ட, மருத்துவச் சொற்றொகுதிகளுக்கான தேவைகள் பற்றிய கட்டுரை இதை வற்புறுத்தியது. 2002-இல் வெளிவந்த ஸ்னோமெட் சிடி என்னும் மருத்துவச் சொற்றொகுதி இதைப் பெருமளவில் செயல்படுத்தியது. காசநோய் மூளைக்காய்ச்சல் அதில் காசநோயின் கீழும் இருக்கும், மூளைக்காய்ச்சலின் கீழும் இருக்கும். காரணக்கிருமி, பாதிக்கப்பட்ட உறுப்பு, நோயின் தன்மை ஆகியவற்றை முறையான வரையறைகளாக எழுதிவிட்டால், எது எதன் உள்வகை என்பதை ஏரண விதிகளைக் கொண்டு கணினியே கணக்கிடும். இந்தியா 2014-இல் இதன் உறுப்பினரானது. நாட்டின் மின்னணு சுகாதாரப் பதிவுத் தரநிலைகளும் இதைப் பரிந்துரைக்கின்றன. ஐசிடி-11 இரண்டு வழிகளையும் இணைக்க முயல்கிறது. அதன் அடித்தளத்தில் ஒரு நோய்க்குப் பல மேல்வகைகள் இருக்கலாம். புள்ளிவிவரத்துக்காக அதிலிருந்து எடுக்கப்படும் பட்டியலில் இடம் ஒன்றே.

மேலே கண்ட சர்க்கரைச் சிக்கலை இது தீர்க்கிறது. கர்ப்பிணியின் சர்க்கரை நோய், சர்க்கரை நோயாகவும் கர்ப்பகால நோயாகவும் ஒருங்கே இருக்கலாம். ஆனால் உடனே எதிர்த்திசையில் ஒரு சிக்கல் முளைக்கிறது. விழித்திரைப் பரிசோதனை விதி இப்போது கர்ப்பத்தில் புதிதாகச் சர்க்கரை தோன்றிய பெண்களுக்கும் பாய்கிறது. அவர்களுக்கு அந்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. ஒற்றை மரம் விட்டுவிடுகிறது. வலை அள்ளிக்கொண்டு வருகிறது. தேவையற்ற எச்சரிக்கைகள் பெருகினால் மருத்துவர்கள் எல்லா எச்சரிக்கைகளையும் பார்க்காமலே மூடத் தொடங்குவார்கள் என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட ஆபத்து. புறநோயாளிகள் வரிசையில் நிற்கையில் லட்சக்கணக்கான கருத்துகளிலிருந்து சரியான சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் எளிதல்ல.

செய்ய வேண்டியதற்கேற்ற வகை

அடுத்த நிலைப்பாடு கேள்வியையே மாற்றிப் போடுகிறது. நோயின் முழுப் பெயர் எதற்கு? அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கப் போதுமான அளவுக்கு வகைப்படுத்தினால் போதாதா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990-களில் வகுத்த குழந்தை நோய் ஒருங்கிணைந்த மேலாண்மை முறையும், பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட அதன் இந்திய வடிவமும் இந்த அடிப்படையில் அமைந்தவை. இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் 12 மாதம் வரை நிமிடத்துக்கு 50, அதன்பின் 5 வயது வரை 40 என்பது எல்லை. வகையின் நிறம் இளஞ்சிவப்பு என்றால் உடனே அனுப்பு, மஞ்சள் என்றால் இங்கேயே மருந்து கொடு, பச்சை என்றால் வீட்டில் கவனிப்பு. எந்தக் கிருமி என்று அது கேட்பதே இல்லை.

2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் மூன்று படிவங்களும் கருதத்தக்கவை. கிராம சுகாதார செவிலியர் நிரப்பும் எஸ் படிவம், ஏழு நாளுக்குட்பட்ட காய்ச்சல் தடிப்புடனா, இரத்தக்கசிவுடனா என்ற அளவில் நிற்கும். மருத்துவர் நிரப்பும் பி படிவம் ஐயத்துக்குரிய நோயைச் சொல்லும். ஆய்வகத்தின் எல் படிவம் உறுதிசெய்யும். இங்கே படிநிலை அமைவது நோயின் இயல்பை வைத்தல்ல, நமக்கு உள்ள உறுதியின் அளவை வைத்து. துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், கம்பம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனை, க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று ஒரு நோயாளி ஏறிச்செல்லும் வழியோடு இந்தப் படிநிலை பொருந்திப் போகிறது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதே வழியில் இன்னொரு சான்று. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு இணைந்து நடக்கும் இத்திட்டம், நோயறியப்பட்ட பெரியவர்களை மிகக்கடும் ஊட்டக்குறைவு, மூச்சுத்திறன் குறைவு, துணையின்றி நிற்க இயலாமை ஆகிய மூன்று எளிய அளவுகோல்களால் பிரிக்கிறது. உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர் கடும் நிலையினராகக் கருதப்பட்டு, உள்நோயாளிச் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். ஐசிடி-யில் இப்படி ஒரு வகை இல்லை. ஆயினும் ஒருவர் பிழைப்பதற்கு உதவும் வகை இதுவே.

இம்முறையின் பலவீனம், அகலமான வகைகள் அகலமான சிகிச்சையைக் கொண்டுவருவது. மூச்சு வேகத்தை மட்டும் பார்த்தால் வைரஸ் சளிக்கும் ஆன்டிபயாட்டிக் போய்ச் சேரும். ‘காய்ச்சல்’ என்றே நின்றுவிட்டால் ஸ்க்ரப் டைபஸ் மறைந்திருக்கும். டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ஆகாது என்னும் விதி அகலமான வகையில் இருக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் விதி குறுகிய வகையில் இருக்க வேண்டும். ஒரே ஆழம் எல்லா விதிக்கும் பொருந்தாது.

விதிவிலக்கு என்னும் சோதனை

எந்தப் படிநிலையும் தன் விதிவிலக்குகளை எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் சோதிக்கப்படுகிறது. பாம்புக்கடியில் 2 மில்லி இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு என்று கொண்டு நஞ்சுமுறி மருந்து கொடுப்பது நடைமுறை. இந்தியாவின் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகத் தயாரிக்கப்படுவதால், சமவெளியில் பாம்பின் இனத்தை அறியாமலே இவ்விதி பெரும்பாலும் வேலை செய்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலைமை வேறு. மூக்கு நுனி மேல்நோக்கி மேடிட்ட ஹிப்னாலே என்னும் குழிவிரியன் அங்கே உண்டு. அதன் கடி இரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதைக் கேரளத்திலிருந்து 2007-இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. நம் நஞ்சுமுறி மருந்து அதற்குப் பலனளிப்பதில்லை. மலைத்தோட்டத்தில் கடிபட்டுக் கம்பத்துக்கு இறங்கிவரும் தொழிலாளிக்கு ‘இரத்தம் உறையாமை’ என்னும் மேல்வகையின் விதி மருந்தைக் குப்பி குப்பியாகக் கொடுக்கச் சொல்லும். பலன் இராது, ஒவ்வாமை ஆபத்து மட்டும் கூடும். உள்வகையில் எழுதப்பட்ட விதி மேல்வகை விதியை மீறலாம் என்று அனுமதித்தால் இதைச் சரிசெய்யலாம். ஆனால் வரையறை சார்ந்த ஏரணத்தில் விதிவிலக்குக்கு இயல்பான இடமில்லை. விதிவிலக்குகளை அனுமதிக்கும் அமைப்புகளில் இரண்டு மேல்வகைகள் முரண்பட்டால் எது வெல்லும் என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே விடை இல்லை.

படிநிலையே வேண்டாம் என்போர்

வேறொரு தரப்பு படிநிலையையே கைவிடச் சொல்கிறது. லீட்ஸில் டி டோம்பல் குழுவினர் 1972-இல் திடீர் வயிற்றுவலிக்கு நிகழ்தகவு முறையைப் பயன்படுத்தினர். 304 நோயாளிகளில் கணினி 91.8 விழுக்காடும் மூத்த மருத்துவர்கள் 79.6 விழுக்காடும் சரியாகக் கணித்தனர். அங்கே மரம் இல்லை. தட்டையான ஒரு நோய்ப்பட்டியலும் நிகழ்தகவுகளும் மட்டுமே. இன்றைய இயந்திரக் கற்றல் அந்த வழியின் நீட்சி.

ஆனால் ஓர் ஊரின் நிகழ்தகவு வேறோர் ஊருக்குப் பொருந்துவதில்லை. லீட்ஸின் முறையே வேறு நாடுகளில் அதே துல்லியத்தைத் தரவில்லை. கம்பத்தின் காய்ச்சலுக்கான நிகழ்தகவு சென்னையின் தரவிலிருந்து வந்தால், கருப்புப் பொருக்கின் மதிப்பு குறைந்துபோகலாம். தவிர, முடிவுக்கான காரணத்தை இளம் மருத்துவரோ செவிலியரோ கேள்வி கேட்கக்கூடிய வடிவில் காட்ட விதிகளால் முடியும். நிகழ்தகவு எண்ணால் அவ்வளவு எளிதில் முடியாது. பயிற்சிக்குரிய தரவுகளுக்குப் பெயரிடவும் ஏதோவொரு வகைப்பாடு வேண்டியிருக்கிறது. எனவே படிநிலை விலகுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது என்று சொல்வதே பொருத்தமாகப் படுகிறது.

மதிப்பீடு

இதுவரை கண்ட நிலைப்பாடுகளை ஒன்றுக்கொன்று எதிரிகளாகப் பார்ப்பதைவிட, வெவ்வேறு வேலைகளுக்கான கருவிகளாகப் பார்ப்பது சரியென்று தோன்றுகிறது. ஒற்றை மரம் எண்ணுவதற்கு. பல மேல்வகை வலை பதிவுசெய்வதற்கும் தேடுவதற்கும். செயலுக்கேற்ற வகை முடிவெடுப்பதற்கு. ஒரு வேலைக்கென வடிக்கப்பட்ட அடுக்கை இன்னொன்றுக்கு அப்படியே பயன்படுத்தும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. குறிப்பாக, புள்ளிவிவரக் குறியீடுகளின் மேல் நேரடியாகச் சிகிச்சை விதிகளை எழுதுவது தவிர்க்க வேண்டிய பழக்கம். ஒவ்வொரு விதிக்கும் அதற்கெனச் சோதித்துப் பார்த்த நோய்த்தொகுதி ஒன்றை வரையறுத்து, யார் உள்ளே வருகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று மருத்துவர்கள் கண்ணால் பார்த்து ஒப்புதல் தருவதே பாதுகாப்பான வழி.

மூன்று கேள்விகள் திறந்தே உள்ளன. முதலாவது, ஒரே உடலில் பல நோய்கள் சேரும்போது விதிகளின் முரணை எப்படித் தீர்ப்பது. இரண்டாவது, காலம். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் டெங்குவை எச்சரிக்கை அறிகுறிகளின் அடிப்படையில் மறுவகைப்படுத்தியபின், ‘டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்னும் பழைய கணுவில் கட்டிய விதிகள் ஒவ்வொன்றையும் யாரோ தேடித் திருத்த வேண்டியிருந்தது. மூன்றாவது, உள்ளூர் அறிவு. மலைக் குழிவிரியனைப் பற்றிய விதி டெல்லியிலோ புனேயிலோ எழுதப்படும் தேசியத் தொகுப்பில் தானாக வந்து சேராது.

முதல் இரண்டுக்கு ஆராய்ச்சி வேண்டும். மூன்றாவதற்கு வேண்டியது நிர்வாக முடிவு. மாவட்ட அளவில் விதிகளைப் பரிசீலிக்கவும் திருத்தவும் அதிகாரமுள்ள ஒரு மருத்துவக் குழு, அதில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் இடம், திருத்தம் ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட பதிவு ஆகியவை இல்லாமல் எந்த மென்பொருளையும் நோயாளியின் பக்கத்தில் வைக்கக் கூடாது. மரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதைப் பேணுபவர் யார் என்று கேட்டுவிட்டே அரசு அதை வாங்க வேண்டும்.